சிப்பாயின் மச்சான்

திருப்பூர்,
1-11-1962

அன்புத் தம்பி நல்லானுக்கு, அக்கா பழனாத்தாள் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் உன் மச்சானும் சுகம். உன் சுகத்தைத்தான் நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தீபாவளி வந்து போனது. எண்ணெய் தேய்த்துக் குளித்ததோடு சரி. டீக்கடை ரேடியோவில் செய்தி சொல்லும் நேரத்துக்கு வீதியே அங்கே போய் நிற்கிறது. மச்சான் கேட்டு வந்து சொல்வார். சண்டை நடக்கிற அந்த மலைகளின் பெயர் எதுவும் அம்மாவுக்கு வாயில் நுழையவில்லை. "அதுல நல்லான் எந்த மலையிலீங்க மாப்பிள்ளை இருக்கறான்?" என்று தினமும் கேட்கிறாள். "ரேடியோவுல அதெல்லாம் சொல்ல மாட்டாங்க அத்தை" என்று அவரும் தினமும் பதில் சொல்கிறார்.

எங்கள் பனியன் கம்பெனிக்கு மிலிட்டரி ஆர்டர் வந்திருக்கிறது. மச்சான் நிட்டிங் மெஷினில் இரண்டு ஷிப்ட் நிற்கிறார். எனக்கு டைலர் பக்கத்தில் உட்கார்ந்து துணியின் ஓரத்தை மடித்துக் கொடுக்கும் கைமடி வேலைதான். அதற்கே விரல் நுனி எரிகிறது. சங்கத்தில் கொஞ்சம் சத்தம், வாக்குவாதம். அதெல்லாம் உனக்கு எழுதுகிற விஷயம் இல்லை.

நீ ஒயர்லெஸ்ஸில் ஊருக்கெல்லாம் சேதி சொல்கிறவன். எங்களுக்கு இரண்டு வரி எழுத முடியாதா? சிவன்மலை முருகனுக்கு அம்மா வேண்டியிருக்கிறாள்.

உன் கையெழுத்துக்குக் காத்திருக்கும்
அக்கா பழனாத்தாள்


99 ஏ.பி.ஓ.,
13-11-1962

அன்பு அக்காவுக்கு, தம்பி வணக்கம். உயிரோடும் கைகாலோடும் இருக்கிறேன். அம்மாவிடம் முதலில் இதைப் படித்துச் சொல்லிவிட்டு மற்றதைப் பிறகு படி.

நாங்கள் இருந்த இடத்தில் இப்போது இல்லை. எதையும் விவரமாக எழுதக் கூடாது, மேலே உள்ள ராணுவத் தபால் விலாசம் போதும். என்னோடு ஒரே ஒயர்லெஸ் பெட்டியில் டியூட்டி மாற்றிக்கொள்வானே, கோட்டயத்து ஜோசப், அவன் இல்லை. என் முறை முடிந்து அவனிடம் காதுக்கருவியைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

மச்சானிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவருடைய கம்யூனிஸ்ட் கட்சியைப் பற்றி இங்கே பேசுகிற பேச்சு நன்றாக இல்லை. சீனாக்காரன் பக்கம் நிற்பவர்கள் என்கிறார்கள். சாப்பிடும் இடத்தில் ஒருவன் சொன்னான், மலையில் இருக்கிறவனைச் சுடுவதற்கு முன் ஊரில் இருக்கிறவனைச் சுட வேண்டும் என்று. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்காகவாவது அவரைக் கொஞ்ச காலம் கொடி பிடிக்காமல் இருக்கச் சொல்.

அம்மாவுக்கு இருமல் எப்படி? மருந்தை விட வேண்டாம்.

தம்பி,
நல்லான்


திருப்பூர்,
3-12-1962

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதியது. சண்டை நின்றது என்று கேட்டு உயிர் வந்தது. இங்கே எல்லாரும் சுகமே.

அம்மாவுக்கு இருமல் இல்லை. கண்ணில் மட்டும் சின்ன உபத்திரவம், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் காட்டி மருந்து போடுகிறோம். மச்சான் வெளியூர் போயிருக்கிறார். திரும்பி வரும் நாள் தெரியவில்லை. நீ சொல்லச் சொன்னதை வந்ததும் சொல்கிறேன்.

ஜோசப் வீட்டுக்கு நீ கடிதம் எழுதினாயா? அவனுக்கும் ஒரு அக்கா இருப்பாள். எழுது.

வேறு விசேஷம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


99 ஏ.பி.ஓ.,
2-1-1963

பழனாத்தாள் அக்காவுக்கு,

பல்லடத்து வேலுமணி லீவு முடிந்து வந்து சேர்ந்தான். நம் ஊர்ச் செய்தி எல்லாம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துப் போய் வேலூர் சிறையில் வைத்திருப்பதற்கு உன் பாஷையில் வெளியூர் என்று பெயரா?

வேலுமணி இதைத் தனியாகச் சொல்லவில்லை. பாரக்கில் பத்துப் பேர் இருக்கும்போது, "உங்க மச்சானைச் சீனாக்காரன்னு புடிச்சுட்டாங்களாமுல்லோ" என்று கேட்டான். ஜோசப்பின் ரத்தம் என் கோட்டில் இன்னும் போகவில்லை. அதே கோட்டோடு நின்றுகொண்டு அதைக் கேட்டேன்.

அம்மா அந்த வீட்டில் இனி இருக்கக் கூடாது. சாமளாபுரத்தில் சின்னம்மா மருதம்மாள் வீட்டுக்கு அம்மாவை அனுப்பிவிடு. நீயும் போ. அவர் எப்போது வருவார், எப்படி வருவார் என்பது அவருடைய பாடு. அந்த வீட்டு விலாசத்திலிருந்து எனக்கு இனிக் கடிதம் வர வேண்டாம். இங்கே ஒவ்வொரு உறையையும் பார்க்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நல்லான்


திருப்பூர்,
22-1-1963

தம்பிக்கு, அதே வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். வழியில் யார் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். அவர்களுக்கும் தெரியட்டும்.

தீபாவளி போனஸுக்காக எங்கள் சங்கம் ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்திருந்தது. உனக்கு எழுதவில்லை. சண்டை தொடங்கிய வாரம் கம்பெனி வாசலில் கூட்டம் போட்டு, நோட்டீஸை வாபஸ் வாங்க வேண்டும் என்று பேசியவர் உன் மச்சான். அவருடைய ஆட்களே கத்தினார்கள். "மொதலாளிகிட்ட வெல போயிட்டயா வெள்ளையா?" என்று கேட்டார்கள். அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "போனஸ் அடுத்த வருசமுங் கேக்கலாமுங்க. பனியில நிக்கறவன் அடுத்த வருசம் வரைக்கும் நிப்பானுங்களா?" கட்சியில் பெரியவர்கள் அவரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். நண்பர்கள் இரண்டு பேர் இன்றுவரை முகம் கொடுப்பதில்லை.

பிடிக்க வந்தது பட்டப்பகலில். மிலிட்டரித் துணிதான் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டபோது, "இந்த ரோல் முடிஞ்சறட்டுங்க. பாதியில நிறுத்துனா துணியில கோடு உழுந்துரும்" என்றார். இன்ஸ்பெக்டரும் நின்றார். ரோலை இறக்கி வைத்துக் கை கழுவிவிட்டுப் போனார். முதலாளி ஆபீஸ் அறைக்குள்ளேயே இருந்தார். என்னைத் தாண்டும்போது மச்சான் ஒன்று சொன்னார். "மாப்பிள்ளைக்கு எழுதீராதே. அங்க அவனுக்கு மனசு கலையக் கூடாது." அதனால்தான் வெளியூர் என்று எழுதினேன். அது பொய்தான். மறுபடியும் அப்படி ஒரு நாள் வந்தால் மறுபடியும் அதையே எழுதுவேன்.

அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். சாமளாபுரம் போக மாட்டேன் என்கிறாள். ஏன் என்று அவளே உனக்கு ஒருநாள் சொல்வாள். நானும் போகப்போவதில்லை.

உன் பாரக்கில் பத்துப் பேர் கேட்டதற்கே உனக்குத் தலை குனிந்தது. நான் தினமும் குடத்தோடு பைப்படிக்குப் போய்வருகிறேன்.

குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொள்.

பழனாத்தாள்


99 ஏ.பி.ஓ.,
18-4-1963

அன்பு அக்காவுக்கு, தம்பியின் வணக்கம். நான் உடம்பால் சுகம். உங்கள் எல்லாருடைய சுகமும் அறிய ஆசை.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பதில் எழுதாமல் இருந்தேன். எழுத உட்காரும்போதெல்லாம் ஜோசப் ஞாபகம் வந்தது. பிறகு அந்தக் கூட்டத்தில் மச்சான் சொன்னது ஞாபகம் வந்தது. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது எழுதாமல் முடியாது. போன வாரம் கேப்டன் கூப்பிட்டார். "உன் அக்காள் கணவன் சிறையில் இருக்கிறானா?" என்றார். ஆமாம் என்றேன். சங்கேதச் செய்தி போகும் இடத்தில் அப்படிப்பட்ட உறவுள்ளவனை வைக்க முடியாது என்றார். அவர் கெட்டவர் இல்லை. ஜோசப்பைத் தூக்கி வரும்போது ஒரு பக்கம் பிடித்தவர். அதனால் ஒரு வழியும் சொன்னார். அந்தக் குடும்பத்தோடு எனக்கு எந்த உறவும் போக்குவரத்தும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஒயர்லெஸ்ஸிலேயே வைத்துக்கொள்வார். வரவேண்டிய பதவி உயர்வு, நாயக் பட்டமும் வரும். மே மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருக்கிறார்.

அந்தக் குடும்பம் என்றால் நீயும்தான். அம்மாவும்தான். நான் என்ன செய்யட்டும்?

இன்னொன்று. அம்மாவின் கண்ணைப் பற்றி வேலுமணி எதையோ சொல்ல வந்து நிறுத்திவிட்டான். என்ன அது? இனி மறைக்காதே.

நல்லான்


திருப்பூர்,
4-5-1963

ஆசைத் தம்பிக்கு, அக்காவின் அன்பு. நாங்கள் இருக்கிறோம்.

எழுதிக் கொடுத்துவிடு. யோசிக்காதே. நீ அந்த வேலைக்கு எப்படிப் படித்தாய் என்று எனக்குத் தெரியும். போன வாரம் வேலூர் போய் மச்சானைப் பார்த்தேன். இளைத்திருக்கிறார். நீ எழுதியதைச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. "கையெழுத்துப் போடச் சொல்லு. காயிதத்துல அறுத்தா ஒறவு அந்துருமா?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். வார்டர் நேரமாயிற்று என்றதும் சட்டென்று திரும்பிப் போய்விட்டார். எப்போதும் திரும்பிப் பார்ப்பார். அன்று பார்க்கவில்லை.

இனி அம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்.

"நல்லானு, உன்ற மச்சானப் புடிச்சுட்டுப் போன மறுநா, வீதியில ஊர்வலம் வந்துது. கொடியெல்லாம் புடிச்சுட்டு வந்தாங்க. நம்மூட்டு முன்னால வந்ததீம், சீனாக்காரன் ஊடு இதுதான்னு ஒருத்தன் சொன்னான். ஓட்டு மேல கல்லு உழுந்துது. உன்ற அக்கா உள்ள வா, உள்ள வான்னு கத்துனா. நான் வாசல்ல போயி நின்னேன். என்ற பையன் பட்டாளத்துல இருக்கறானுங்க சாமி, இது அவன் ஊடுதானுங்கன்னு சொன்னேன். சத்தத்துல யாருக்குங் கேக்குல. ஜவானுக்கு ஜேன்னு சொல்லிச் சொல்லித்தான் எறிஞ்சாங்க. உனக்குத்தான் கண்ணு ஜே சொன்னாங்க. அந்தக் கல்லுதான் என்ற வலது கண்ணுல பட்டுது. இனிப் பார்வை வராதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. பரவால்ல, இன்னொண்ணு நல்லாத் தெரியுது. நான் ஏன் சாமளாபுரம் போகோணும்? நான் போயிட்டா அவிய எறிஞ்சது செரின்னு ஆயிருமுல்லோ. உன்ற மச்சான் திரும்பி வாரப்ப இந்த ஊட்டுல ஆளு இருக்கோணும். நீ கையெழுத்துப் போடறதும் போடாததும் உன்ற இஷ்டம். நான் உங்க ரெண்டு பேருக்கும் ஆத்தா."

இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிடு தம்பி. எங்களுக்குக் கோபம் வராது.

உன் அக்கா


99 ஏ.பி.ஓ.,
10-6-1963

அன்பு அக்காவுக்கும் அம்மாவுக்கும், நல்லான் வணக்கம். நான் நலம். அம்மா இடது கண்ணுக்கு வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அம்மா சொன்னதை இரண்டு நாள் திரும்பத் திரும்பப் படித்தேன். மூன்றாம் நாள் கேப்டனிடம் நானாகவே போனேன். காகிதம் மேஜையில் தயாராக இருந்தது. நான் பேனாவை எடுக்கவில்லை.

"அவர் தப்புச் செய்தவரா என்று எனக்குத் தெரியாது சார். அவர் என் அக்காள் கணவர் என்று தெரியும். உறவில்லை என்று எழுதினால் அது பொய். பொய் எழுதிக் கொடுக்கிறவனை ஒயர்லெஸ்ஸில் வைக்கலாமா சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டாள் என்று இந்தியில் சொன்னார், திட்டுவதைப் போல இல்லை. மறுநாள் காலையிலிருந்து என்னை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். மூட்டை இறக்குவது, அடுக்குவது. நாயக் பட்டம் இனி வராது. லீவையும் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காதுக்குள் எப்போதும் இருந்த இரைச்சல் இல்லாமல் முதல் வாரம் தூக்கம் வரவில்லை. மற்றபடி சோறு ஒன்றுதான்.

மச்சானை அடுத்த முறை பார்க்கும்போது இதைச் சொல்லாதே. போட்டுவிட்டேன் என்றே நினைத்துக்கொள்ளட்டும்.

நல்லான்


திருப்பூர்,
16-10-1963

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

மச்சான் வந்துவிட்டார். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சாயங்காலம் அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். "அத்தை" என்று குரல் கேட்டு நிமிர்ந்தாள். அவருக்கு அவள் கண்ணைப் பற்றித் தெரியாது. வேலூருக்குப் போனபோதெல்லாம் நான் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். "கல்லு பட்டுதுங்க மாப்பிள்ளை" என்றாள் அம்மா. அன்று அவர் சாப்பிடவில்லை.

கம்பெனியில் இடமில்லை என்றுவிட்டார்கள். வீரபாண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறார். போகும்போதும் வரும்போதும் கடைவீதியைத் தவிர்த்து வாய்க்கால் ஓரமாகச் சுற்றிப் போகிறார். கூட்டத்தில் அவ்வளவு பேரை எதிர்த்துப் பேசிய மனிதர், நல்லான். இப்போது டீக்கடையில் நின்று ஒரு டீ குடிப்பதில்லை.

நீ கையெழுத்துப் போடவில்லை என்பதை நான் சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அக்கா


99 ஏ.பி.ஓ.,
20-11-1963

மதிப்புள்ள மச்சான் அவர்களுக்கு, நல்லான் வணக்கம். உங்கள் உடம்பு தேறி வருகிறது என்று நம்புகிறேன்.

உங்களுக்கு நான் தனியாக எழுதும் முதல் கடிதம் இது. ஜனவரியில் அக்காவுக்கு எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதைத் திரும்ப வாங்க முடியாது.

லீவு கொடுத்துவிட்டார்கள். டிசம்பர் 15ஆம் தேதி பகல் வண்டியில் இறங்குவேன். யூனிபாரத்தோடுதான் வருவேன். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டும். முன்வாசலில் நில்லுங்கள். வீட்டுக்குக் கடைவீதி வழியாக நடந்தே போகலாம். இதைத் தவிர உங்களிடம் நான் கேட்பது எதுவும் இல்லை.

உங்கள் மச்சினன்,
நல்லான்


திருப்பூர்,
30-11-1963

அன்புள்ள மாப்பிள்ளை நல்லானுக்கு, வெள்ளையன் எழுதுவது. நான் நலம். உங்கள் கடிதம் கிடைத்தது.

நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. கோபம் எதுவும் இல்லை. நீங்கள் எழுதியது அந்த நேரத்தில் யாரும் எழுதக்கூடியதுதான். ஆனால் யூனிபாரத்தில் என் பக்கத்தில் நீங்கள் நடந்ததை எவனாவது மேலே எழுதிப் போட்டால், மிச்சம் இருக்கிற வேலையும் போய்விடும். ஏற்கெனவே என்னால் உங்களுக்கு ஒரு வேலை போயிற்று, அத்தைக்கு ஒரு கண் போயிற்று. இனி யாருக்கும் எதுவும் போக வேண்டாம்.

அக்கா வருவாள். அவளோடு ஜட்கா வண்டியில் வாருங்கள். வீட்டில் பேசிக்கொள்ளலாம்.

வெள்ளையன்


99 ஏ.பி.ஓ.,
25-1-1964

அன்புள்ள மச்சானுக்கு, நல்லான் வணக்கம். பயணம் முடிந்து சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மாவும் அக்காவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள்.

லீவு நாட்களில் நாம் இருவரும் சமையல், மழை, மெஷின் என்று பேசினோமே தவிர, பேச வேண்டியதைப் பேசவில்லை. ஊரில் இருந்தபோது எனக்கு வாய் வரவில்லை. இங்கே வந்தபின்தான் எழுத வருகிறது.

வரமாட்டேன் என்று எழுதியவர், கூட்ஸ் ஷெட் ஓரத்தில் தள்ளி நின்றுகொண்டிருந்தீர்கள். வண்டி நிற்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன். நான் உங்களை நோக்கி வருவதைக் கண்டதும் முகத்தைத் திருப்பினீர்கள். பிறகு என் டிரங்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கூலிக்காரரைப் போல நாலடி பின்னால் வந்தீர்கள். நான் நின்றால் நீங்களும் நின்றீர்கள். அக்கா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. பெட்டியை இறக்கச் சொல்லி, ஒரு பக்கக் கைப்பிடியை நான் பிடித்தேன். மறுபக்கம் நீங்கள் பிடிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு யாராலும் பின்னால் நடக்க முடியாது.

கடைவீதியில் எல்லாரும் பார்த்தார்கள். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், மச்சான். சண்டையில்கூட எதையும் அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை. பெட்டியின் வழியாக உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

ஜவுளிக்கடை முன்னால் ஒருவர் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். நீங்கள் சட்டென்று நின்றதில் பெட்டி இழுத்தது. "யாருங்க மச்சான்?" என்று கேட்டேன். "தெரிஞ்சவருதான். நடங்க மாப்பிள்ளை" என்றீர்கள். நானும் அவருக்குத் திருப்பிக் கும்பிட்டேன். அவர் முகம் ஏன் அப்படி மாறியது என்று அப்போது புரியவில்லை.

புறப்படும் அன்றுதான் அக்கா சொன்னாள், அன்று ஊர்வலத்தில் நம் வீட்டைக் கைகாட்டியவர் அவர் என்று. அந்த வீதியில் அப்போதே நீங்கள் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கிறது.

அவருடைய பெயரை அக்காவிடம் நான் கேட்கவில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

அம்மாவைச் சிவன்மலைக்குக் கூட்டிப் போங்கள். கடைவீதி வழியாகவே போங்கள்.

என்றும் உங்கள் மச்சினன்,
நல்லான்